இரவுக் கேளிக்கைக்கு ஓர் உத்தரவு

மனிதன் தன் பெட்டியில் பத்திரப்படுத்தி வைக்கும் தாள்களுள் பெரும்பாலானவை ஒரே ஒரு முறை எழுதப்படுவன. பிறப்புச் சான்று ஒன்று. விவாகச் சான்று ஒன்று. காணி இருந்தால் அதற்கோர் உறுதி. மது விற்பதற்கு அரசாங்கம் அளிக்கும் உத்தரவுப் பத்திரமோ அந்த இனத்தைச் சேர்ந்ததன்று. ஆண்டுதோறும் டிசம்பர் மாதம் 31 ஆந் திகதியுடன் அது காலாவதியாகிவிடும். கடை பாட்டன் காலத்ததாயினும் சரி, சென்ற ஆண்டு திறந்ததாயினும் சரி, கட்டணம் கட்டி மறுபடியும் புதுப்பித்தே ஆகவேண்டும். “இன்னும் ஓராண்டுக்கு உன் கடை இங்கே இருக்கலாமா?” என்ற கேள்விதான் அந்தத் தாளுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அப்படியொரு கேள்வி ஆண்டுக்கொருமுறை எழுகிறதென்பது ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தோட்டப் பாடசாலைகளில் முப்பது வருஷம் அரிச்சுவடி சொல்லிக் கொடுத்து ஓய்வுபெற்ற ஒரு பெண்பிள்ளைக்கு மதுக்கடைப் பத்திரத்தைப் பற்றி என்ன அக்கறை என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தது. மதுக்கடையில் பெண்களுக்கு மது விற்கலாகாதென்று 1979 ஆம் ஆண்டு ஒரு மதுவரி அறிவித்தல் விதித்தது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அந்தத் தடையை நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் பணிப்பின் பேரில் தடை திரும்பவும் வந்து உட்கார்ந்துகொண்டது. வாங்கும் உரிமைக்காக வாதாட எனக்கு விருப்பமில்லை. அந்தக் கடையால் இராப்பட்டினி கிடப்பவள் பெண்ணாயிருக்க, அதன் வாசலில் அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் எனக்கு விநோதமாகப் பட்டது.

நான் பிறந்தது பட்டிப்பொல. நானுஓயா மட்டும் 1885 இல் வந்து நின்ற மலைநாட்டு ரயில்பாதை 1893 இல் ஹப்புத்தளை வரை நீண்டது. இடையிலே அம்பேவெலைக்கும் ஒஹியவுக்கும் நடுவே அமைந்த நிலையம் எங்களுடையது. கடல் மட்டத்திற்கு 6,200 அடிக்கு மேலே, இலங்கையின் ரயில் நிலையங்களுள் ஆக உயர்ந்தது என்ற பெருமை அதற்குண்டு. என் தகப்பனார் அந்தப் பாதையில் கட்டை மாற்றும் கூட்டத்தில் வேலை செய்தார். மார்கழி, தை மாதங்களில் புல்லின்மேல் உறைபனி படியும். உருளைக்கிழங்குச் செடி கருகிவிடும். அந்தக் குளிரிலே சுரங்கத்தினுள் நின்று வேலை செய்தவர்கள் மாலையில் எங்கே ஒதுங்கினார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. “குளிருக்கு ஒரு மடக்கு” என்பதுதான் எங்கள் பக்கத்தில் குடியின் முதல் நியாயம். இரண்டாவது மடக்குக்கு நியாயம் கேட்பாரில்லை.

நிற்க. 2023 டிசம்பரில் என் தமக்கை மகன் விடுமுறையில் ஊருக்கு வந்தான். கொழும்பில், காலி வீதியிலிருந்து கடற்கரையை நோக்கி இறங்கும் குறுக்குத் தெருக்களுள் ஒன்றில் இருக்கும் ஒரு மதுச்சாலையில் அவன் கணக்கெழுதுகிறான். மலையகத்துப் பிள்ளைகள் கொழும்புக்குப் போய்ப் புடைவைக்கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் நிற்பது புதிதன்று. இப்போது சில காலமாக இத்தகைய இடங்களிலும் நிற்கிறார்கள். அவனுடைய இடத்தில் மட்டும் பதினொரு பேர் நுவரெலியா, பதுளைப் பக்கத்துப் பிள்ளைகள். அவன் அனுப்பும் பணத்தில்தான் அவன் தங்கை உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள்.

கையிலே ஒரு கோப்பைக் கொண்டுவந்திருந்தான். “சின்னம்மா, இதுக்கு நீங்கதான் நல்ல தமிழில ஒரு பதில் எழுதித் தரணும்” என்றான்.

கோப்பைத் திறந்து பார்த்தேன். பத்திரம் புதுப்பிக்கும் காலமாதலால் அதில் பலவிதமான தாள்கள் இருந்தன. சென்ற ஆண்டின் உத்தரவுப் பத்திரத்தின் பிரதி, வரிப் பாக்கி இல்லையென்ற சான்று, நகரசபையின் வியாபார அனுமதி, தீப்பிடித்தால் வெளியேறும் வழி சரியாயிருக்கிறதென்ற கடிதம், ஒலிபெருக்கிக்குப் பொலிஸார் கொடுத்த அனுமதிகள். ஒரு கோப்பை மதுவுக்குப் பின்னால் இத்தனை முத்திரைகளா என்று எனக்கு மலைப்பாயிருந்தது. எல்லாவற்றுக்கும் அடியிலே, கோடிட்ட தாளில், நடுங்கும் கையெழுத்தில், தமிழில் ஒரு முறைப்பாடு.

அதை எழுதியவர் அந்தத் தெருவில் வசிக்கும் வயோதிபர் ஒருவர். மனைவி நோயாளி. மதுச்சாலையின் மேல்மாடியில் வாரக் கடைசியில் வாத்திய கோஷ்டி வைத்துப் பாட்டு நடக்கிறது. அது நள்ளிரவு தாண்டியும் ஓய்வதில்லை. ஆகவே இரவுக் கேளிக்கைக்கான உத்தரவைப் புதுப்பிக்கும்போது தம்முடைய ஆட்சேபத்தையும் கவனிக்கவேண்டும் என்பது அவர் விண்ணப்பம். இவ்வளவு மட்டும் எழுதியிருந்தால் அது பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். பெரியவர் அதனுடன் ஓர் அட்டவணை இணைத்திருந்தார். ஓகஸ்ட் முதல் நவம்பர் வரை ஒவ்வொரு வெள்ளி, சனியும் பாட்டு எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு நின்றது, அன்று தம் மனைவி உறங்கியது எப்போது என்று எழுதியிருந்தார். நிறுத்திய நேரம் நியாயமாயிருந்த நாட்களையும் மறைக்காமல் குறித்திருந்தார். ஒரு சனிக்கிழமைக்கு எதிரே, “இன்று 10 மணிக்கே நிறுத்திவிட்டார்கள், நன்றி” என்றுகூட ஒரு குறிப்பு. அந்த ஒரு வரிக்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டாயிற்று. நல்ல நாளையும் எழுதியவன் கெட்ட நாளைப் பற்றிச் சொல்லும்போது எதிரியும் நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

இதிலுள்ள சட்டத்தையும் சற்றே பார்த்துவிடலாம்; மாணவர்களுக்குப் பயன்படும். இலங்கையில் மதுவை ஆளும் மூலச்சட்டம் 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். அதே ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம் எதைப் பற்றியது தெரியுமா? பொதுவிடங்களில் நடக்கும் கூத்து, நாடகம், கேளிக்கைகளைப் பற்றியது. கேளிக்கையும் குடியும் ஆங்கிலேயர் ஆட்சியில் அடுத்தடுத்த இலக்கங்களைப் பெற்றுக்கொண்டு சட்டப் புத்தகத்தில் அண்டை வீட்டுக்காரராகக் குடியேறின. அதற்கு முன்னெல்லாம் சாராயக் குத்தகை என்ற ஏற்பாடு இருந்தது. ஒரு பகுதியில் சாராயம் விற்கும் உரிமையை அரசாங்கம் ஏலத்தில் விடும். அதிகம் கேட்டவன் எடுப்பான். கொடுத்த பணத்தைக் குடிகாரரிடமிருந்து திரும்ப எடுப்பான். இந்நாட்டுப் பெருஞ்செல்வங்கள் சிலவற்றின் வேர் அந்தக் குத்தகையில்தான் இருக்கிறது. 1912 இல் புதிய மதுவரிக் கொள்கையினால் ஊர்தோறும் கள்ளுத் தவறணைகள் பெருகும் என்ற அச்சம் எழுந்தபோது நாடெங்கும் மதுவொழிப்பியக்கம் மூண்டது. டி. பி. ஜயதிலக, எஃப். ஆர். சேனாநாயக்க போன்றோர் அதில் முன்னின்றனர். நாட்டு விடுதலைக் கிளர்ச்சிக்கே அது ஒரு பயிற்சிக்களமாயிற்று என்று சரித்திர ஆசிரியர் சொல்வர்.

ஒலிபெருக்கி விஷயம் வேறு. 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கலாகாதென்றும், விசேஷ வைபவங்களுக்கு மாத்திரம் விலக்கு உண்டென்றும் கட்டளையிட்டது. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் மதுச்சாலைக்கும் அந்தப் பத்து மணி ஒன்றுதான். பெரியவர் தம் கடிதத்தில் இந்தக் கட்டளையையும் எடுத்துக் காட்டியிருந்தார்.

“முதலாளி என்ன எழுதச் சொன்னார்?” என்று கேட்டேன்.

“‘சத்தமே இல்ல, அவருக்குக் காதுல கோளாறு’ன்னு மரியாதையா எழுதணுமாம்.”

மரியாதையாகப் பொய் எழுதுவது தமிழில் முடியாத காரியமன்று. ஆனால் அந்த அட்டவணைக்கு முன்னால் அது நிற்காது. பெரியவரின் நேரங்களுக்குப் பக்கத்தில் மதுச்சாலையின் சொந்தக் கணக்குப் புத்தகத்தில் கடைசிச் சிட்டை விழுந்த நேரத்தை எழுதிப் பார்க்கும்படி மருமகனிடம் சொன்னேன். அவனிடம் அந்த விவரங்கள் கைத்தொலைபேசியில் இருந்தன. இருவரும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஒவ்வொரு நாளாக ஒப்பிட்டோம். இரண்டே நாட்களில்தான் பெரியவர் சற்றுப் பிசகியிருந்தார்; அதுவும் கால்மணி நேரம்.

பிறகு நான் எழுதிக் கொடுத்த பதில் சிறியது. நேரங்கள் சரியென்று ஒப்புக்கொண்டு, தெருவைப் பார்த்த ஜன்னல்கள் இனி மாலை முதல் அடைக்கப்படும், மேல்மாடி வாத்தியம் பத்து மணிக்கு நிற்கும், அதற்குமேல் உள்ளறையில் ஒலிபெருக்கியின்றி நடக்கும், குறை நேர்ந்தால் இன்ன இலக்கத்துக்கு அழைக்கலாம் என்று எழுதினேன். முதலாளி முதலில் கோபித்தாராம். பத்திரம் காலாவதியாகும் நாள் நெருங்க நெருங்கக் கோபம் தணிந்து கையெழுத்திட்டாராம். உத்தரவு புதுப்பிக்கப்பட்டது, பதினொரு பிள்ளைகளுக்கும் வேலை நிலைத்தது. பெரியவர் ஆட்சேபத்தை மீட்டுக்கொள்ளவில்லை. “ஜனவரி முழுவதும் பார்த்து எழுதுகிறேன்” என்று ஒரு வரி மாத்திரம் அனுப்பினார்.

அந்த அட்டவணையின் பிரதி என்னிடம் தங்கிவிட்டது. அதை மறுபடியும் மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். காரணம், எங்கள் பக்கத்திலும் ஒரு கடை இருந்தது.

எங்கள் ஊரிலிருந்து சில மைல் கீழே, பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு சந்தியில் ஒரு தவறணை. அதற்கு மேலே தேயிலை மலை. மலையிடுக்கில் நான்கு லயங்கள். ஒரு காலத்தில் அங்குள்ள பாடசாலையில்தான் நான் படிப்பித்தேன். கொழும்பு மதுச்சாலைக்கு வெள்ளியும் சனியும் எப்படியோ, அந்தத் தவறணைக்கு மாதத்தின் பத்தாந் திகதி அப்படி. பத்தாந் திகதியளவில்தான் தோட்டத்தில் சம்பளம். அன்று மாலை பிரட்டுக் களத்துப் பாதையில் ஆண்கள் இறங்கும் வேகத்தையும் இரவு ஏறும் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே கணக்குத் தெரிந்துவிடும். 2023 இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய். 2021 இல் நீண்ட போராட்டத்திற்குப் பிறகு கிடைத்த தொகை அது. ஒரு போத்தல் சாராயத்தின் விலையோ வரிமேல் வரி ஏறி மூன்று நாட் சம்பளத்தை எட்டியிருந்தது. குடி குறைந்ததா என்றால், கடன் கூடிற்று. தவறணையின் பின்புறத்தில் ஒரு சிறு ஜன்னல் உண்டு. கடை திறக்குமுன்பும், மூடியபின்பும், விற்பனைக்கு இடமில்லாத போயா தினத்திலும் அந்த ஜன்னலில் கை நீண்டால் கால் போத்தல் வரும். பெயர் ஒரு கொப்பியில் ஏறும். பத்தாந் திகதி சம்பளத்தில் முதல் பங்கு அந்தக் கொப்பிக்கு. அரிசிக் கடைக்காரருக்கு இரண்டாம் பங்கு. பிள்ளையின் சப்பாத்துக்குப் பங்கு இருந்தால் அது அந்தப் பிள்ளையின் அதிர்ஷ்டம்.

இந்த மலையிலே இரவுக் கேளிக்கை என்று ஒன்று இருந்ததை இன்றைய மாணவர்களுக்குச் சொல்லவேண்டும். மாசி மாதத்தில் காமன் கம்பம் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டி மதனைத் தகனம் செய்யும் காமன் கூத்து விடிய விடிய நடக்கும். ரதியாக வேஷம் கட்டுகிறவன் பகலில் முள்ளுக்குத்தும் தொழிலாளி. இரவில் அவன் அழுதால் கிழவிகளும் சேர்ந்து அழுவார்கள். அர்ச்சுனன் தபசில் தபசு மரம் ஏறுபவன் விடியற்காலையில்தான் இறங்குவான். அந்த நாளில் துரையிடம் வாயால் உத்தரவு கேட்டால் போதும். இப்போது ஒலிபெருக்கி வைப்பதென்றால் பொலிஸ் நிலையத்துக்கு மனுக் கொடுக்கவேண்டும். பத்து மணிக் கட்டளையையும் மதிக்கவேண்டும். மதிக்கத்தான் வேண்டும், அதில் குறை சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் எங்கள் பிள்ளைகள் கூத்துக்கு உத்தரவு வாங்க மூன்று தடவை பஸ் ஏறினார்கள். தவறணையின் பின் ஜன்னல் ஒரு தடவைகூட உத்தரவு கேட்டதில்லை.

2024 ஜனவரியில் அந்த நான்கு லயத்துப் பெண்கள் சிலரை இஸ்தோப்பில் கூட்டிவைத்து, பெரியவரின் அட்டவணையைப் படித்துக் காட்டினேன். அவர்களுள் மூத்தவள், என் பழைய மாணவியொருத்தியின் தாய், “கொழும்புல பாட்டுச் சத்தத்துக்கே இம்புட்டு எழுதுறாகளா டீச்சர்? நாம எழுதுனா கொப்பி பத்தாதே” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்த பிறகு ஒருத்தி எழுந்து போய்த் தன் மகளின் பழைய கொப்பியைக் கொண்டுவந்தாள். ஒன்பதாம் ஆண்டு படிக்கும் அந்தச் சிறுமியே எழுத்தராக நியமனம் பெற்றாள்.

என்ன எழுதுவது என்பதில்தான் முதலில் இழுபறி. புருஷன் அடித்தான் என்று எழுத ஒருத்திக்கும் மனமில்லை. எழுதினால் அது அவன் குற்றமாகுமேயன்றிக் கடையின் குற்றமாகாது என்று நானும் சொன்னேன். ஜன்னல் திறந்த நாள், நேரம். போயா நாளில் விற்றது. பத்தொன்பது வயதுப் பையனுக்கு விற்றது. இவைதான் எழுதவேண்டியவை. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கலாகாது. அந்தச் செய்தியே அவர்களுள் பலருக்குப் புதிதாயிருந்தது. நல்ல நாளையும் எழுதவேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். ஆகையால் “இன்று ஜன்னல் திறக்கவில்லை” என்ற வரிகளும் கொப்பியில் உண்டு. அவை மிகுதியில்லை.

கொழும்புப் பெரியவருக்கு இல்லாத சங்கடங்கள் சில எங்களுக்கு இருந்தன. முதலாவது விலாசம். மனுவில் பெயரும் விலாசமும் வேண்டும். நாற்பது குடும்பத்துக்கும் விலாசம் ஒன்றே: தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர். லயத்துக் காம்பராவுக்குத் தனி விலாசமில்லை. கடிதம் வந்தாலும் தோட்டத்துக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலேனும் ஏறித்தான் வரும். கந்தோருக்குக் கடிதத்துடன் போனவளிடம் ஓர் உத்தியோகத்தர், “எல்லாம் ஒரே விலாசமாயிருக்கிறதே, ஒருவரே எழுதியதா?” என்று கேட்டாராம். கையெழுத்துகள் வேறு வேறு என்று காட்டியபிறகும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. அது நடந்தது 2024 இல். 1948 இல் பிரஜாவுரிமை போய், 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை அது முழுமையாகத் திரும்பாமல் இரண்டு தலைமுறை வாக்கில்லாமல் வாழ்ந்த சனங்கள் நாங்கள். 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் 2018 இல் திருத்தப்படும் வரை, தோட்டத்துக்குள் ஒரு பாதை போடக்கூடப் பிரதேச சபைக்குத் தடையிருந்தது. மதுக்கடையின் வருமானம் பொதுப் பணமாகலாம். அந்தப் பணம் லயத்துப் படிக்கட்டுக்கு ஏறி வர வழியில்லை. இப்படிப்பட்ட இடத்திலிருந்து போகும் ஆட்சேபத்துக்குத் தனி விலாசம் எங்கிருந்து வரும்?

இரண்டாவது சங்கடம் அதைவிடக் கூர்மையானது. அது லயத்துக்குள்ளிருந்தே வந்தது. “கடையை மூடிப்புட்டா கசிப்புக்குத்தான் போவாக. அப்ப கண்ணு போகும், உசுரு போகும். அதுக்கு யாரு மனு எழுதுவா?” என்று கேட்டாள் ஒருத்தி. அவள் தம்பி கசிப்பினால் இறந்தவன். அந்தக் கேள்விக்கு என்னிடம் மேடைப்பேச்சு விடை ஒன்றுமில்லை. 1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கை வந்தபோது மலையகத்துக்கும் வந்து, தோட்டத் தொழிலாளரைக் குடியை விடும்படி வேண்டினார். எங்கள் பாட்டன்மார் கப்பலேறிய ஜில்லாக்களுள் ஒன்றான சேலத்தில் 1937 இல் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். பின்னர் அது மாகாணம் முழுதும் பரவி, 1971 இல் தளர்ந்து, மறுபடி வந்து, மறுபடி போய், 2003 முதல் தமிழ்நாட்டில் அரசாங்கக் கூட்டுத்தாபனமே சில்லறைக் கடைகளை நடத்தும் நிலை ஏற்பட்டது. தடுத்துப் பார்த்ததும் உண்டு, தானே விற்றுப் பார்த்ததும் உண்டு. ஒரே தாளில் கையெழுத்திட்டு இதைத் தீர்த்துவிடலாம் என்று நம்புகிற வயது எனக்குக் கடந்துவிட்டது.

ஆகவே எங்கள் மனுவில் கடையை மூடும்படி நாங்கள் கேட்கவில்லை. இதைப் பற்றி என்னோடு மனத்தாங்கல் கொண்ட பெண்களும் உண்டு. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நாங்கள் கேட்டவை, பின் ஜன்னல் அடைக்கப்படவேண்டும், கடன் கொப்பி ஒழியவேண்டும், திறக்கும் நேரமும் மூடும் நேரமும் பத்திரத்தில் எழுதியபடி இருக்கவேண்டும் என்பவை மாத்திரமே. கொழும்புப் பெரியவரும் பாட்டையே நிறுத்தச் சொல்லவில்லையே. உத்தரவில் எழுதியிருப்பதைச் செய் என்றுதான் கேட்டார். எழுதியிருப்பதைச் செய்விப்பதற்கே ஒரு முழு ஆண்டு போதாது என்பதை நான் பிறகு கண்டேன்.

அந்த ஆண்டு முழுவதும் சிறுமி எழுதினாள். மதுக்கடைப் பத்திரங்கள் அந்த ஆண்டில் நாடெங்கும் பேச்சாயின. புதிதாக வழங்கப்பட்ட அனுமதிப் பத்திரங்களைப் பற்றிப் பெரும் சர்ச்சை எழுந்து, டிசம்பரில் அவற்றின் பட்டியல் நாடாளுமன்றத்தில் வெளியிடப்பட்டது. அதனால் எங்கள் மனுவுக்கு அதிர்ஷ்டம் அடித்ததோ, அல்லது கொப்பியின் பிரதியைப் பார்த்த ஒருவருக்கு மனம் இளகிற்றோ, நவம்பர் கடைசியில் ஒரு நாள் இரண்டு உத்தியோகத்தர்கள் ஜீப்பில் வந்திறங்கினார்கள். மழை. லயத்து இஸ்தோப்பில் ஒரு பெஞ்சைத் துடைத்துப் போட்டு அவர்களை இருத்தி, இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணீர் கொடுத்தோம். இளையவர் தமிழ் அறிந்தவர். கொப்பியைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்று, “மே மாதம் 23, வெசாக் போயா. காலை 7 மணிக்கு ஜன்னல். இதை யார் பார்த்தது?” என்று கேட்டார்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்தவள் பெயரைச் சொன்னால் வாங்கியவன் பெயரும் வரும். வாங்கியவன் அவள் புருஷன்.

“நாந்தான் பாத்தேன்” என்று அவள் எழுந்து நின்றாள். “வாங்குனது எங்க வீட்டு ஆளு. எழுதிக்கங்க ஐயா.”

அவர் எழுதிக்கொண்டார். அன்றிரவு அவள் வீட்டில் என்ன நடந்தது என்பதை அவள் எனக்குச் சொன்னாள், இங்கே எழுதமாட்டேன். இரண்டு நாள் அவளும் பிள்ளைகளும் எங்கள் வீட்டில் தங்கினார்கள். மூன்றாம் நாள் அவன் வந்து வாசலில் நின்றான். குடித்திருக்கவில்லை. “போயாவுல வாங்குனது தப்புத்தான் டீச்சர், ஆனா பேரச் சொல்லியிருக்க வேணாம்” என்றான். அவள் பதில் பேசாமல் பிள்ளையின் புத்தகப் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவனுக்கு முன்னால் நடந்தாள்.

2025 ஜனவரியில் தவறணையின் பத்திரம் புதுப்பிக்கப்பட்டது. எங்கள் மனுவுக்கு எழுத்தில் பதில் வரவில்லை. ஆனால் தைப்பொங்கலுக்கு முன் ஒரு கொத்தனார் வந்து பின் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டுப் போனார். சுவரின் பழைய சுண்ணாம்புக்கு நடுவே அந்தச் சதுரம் மாத்திரம் சீமெந்து நிறத்தில் இருக்கிறது; லயத்திலிருந்து பார்த்தாலே தெரியும். கடன் கொப்பி போகவில்லை. அது முன் கவுண்டருக்கு இடம் மாறியிருக்கிறது. கசிப்பு கூடிற்றா என்று கவனித்துக்கொண்டே இருக்கிறோம். கொப்பியில் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கியாயிற்று.

மருமகன் அடுத்த விடுமுறைக்கு வந்தபோது, கொழும்புப் பெரியவர் இன்னமும் எழுதிக்கொண்டிருக்கிறாரா என்று விசாரித்தேன். எழுதுகிறாராம். இப்போது மாதக் கடைசியில் ஒரு பிரதியை மதுச்சாலை வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போகிறாராம். காவற்காரப் பையன், அவனும் பதுளைப் பக்கத்தவன், அதை வாங்கி உள்ளே கொடுக்கிறானாம். எங்கள் எழுத்தர் சிறுமிக்குச் சாதாரணதரப் பரீட்சை வந்துவிட்டது. ஆகையால் கொப்பியை அவள் தங்கை எடுத்துக்கொண்டாள். எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முதற் பக்கத்தில் திகதி, நேரம், என்ன பார்த்தோம், யார் பார்த்தது என்று நான்கு கோடு அடித்து, ஐந்தாவது கோடு ஒன்று எதற்கென்று கேட்டால், “நல்ல நாளுக்கு, டீச்சர்” என்கிறாள்.